படகுக்கு ஆழம், தீவுக்கு மேடு

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில், குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் கிளாட்ஸ்டோன் என்றொரு துறைமுக ஊர் இருக்கிறது. நிலக்கரிக் கப்பல்கள், அலுமினா ஆலை, எரிவாயு முனையங்கள் என்று தொழில் நெடி அடிக்கும் ஊர். அங்கிருந்துதான் ஹெரான் தீவுக்குப் பயணிகள் படகு கிளம்புகிறது. தூரம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர், பயணம் சுமார் 2 மணி நேரம். போய்ச் சேரும் இடம், 800 மீட்டர் நீளமும் அதிகபட்சம் 300 மீட்டர் அகலமும் உள்ள ஒரு மணல் திட்டு. மகர ரேகை ஏறக்குறைய அதன்மேலேயே ஓடுகிறது. ஒரு விடுதி, ஓர் ஆராய்ச்சி நிலையம், மற்றதெல்லாம் காடும் கடற்கரையும்.

படகில் ஏறுகிறவர்கள் பவளத்தையும் ஆமையையும் பார்க்கப் போகிறார்கள். ஆனால் அந்தப் படகுக்கும் தீவுக்கும் இடையே நெடுநாளாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. படகு மிதக்க ஆழம் வேண்டும். தீவு நிலைக்க, தன்னைச் சுற்றி ஆழமில்லாத கடல் வேண்டும். இரண்டும் சந்திக்கிற படகுத்துறையில் யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும். ஹெரானில் விட்டுக்கொடுத்தது தீவுதான். எதை விட்டுக்கொடுத்தது என்று விளங்க, அந்த 2 மணி நேரத்தையும் கொஞ்சம் நிதானமாகக் கடக்க வேண்டும்.

வயிறு கலங்கும் கணக்கு

துறைமுகத்துக்குள் படகு ஆடுவதில்லை. கர்ட்டிஸ் தீவும் ஃபேசிங் தீவும் வெளிக்கடலின் அலையை மறைத்து நிற்கின்றன. அவற்றைத் தாண்டியதும் கதை மாறுகிறது. படகு போகும் திசை வடகிழக்கு. அந்தக் கடலில் ஆண்டின் பெரும்பகுதி வீசுவது தென்கிழக்கு வியாபாரக் காற்று. ஆக, காற்றும் அலையும் ஏறக்குறைய நேர் பக்கவாட்டில் வந்து மோதுகின்றன.

ஹெரானுக்குப் போவது கட்டமரான் வகைப் படகு. ஒரே அகலமான அடிப்பாகத்துக்குப் பதிலாக, ஒல்லியான இரண்டு அடிப்பாகங்கள் தள்ளித் தள்ளி நிற்க, மேலே பயணிகள் தளம் அமைந்திருக்கும். ஒல்லியான உடல் தண்ணீரைக் கிழிக்கும்போது எழும் அலை குறைவு. அலை எழுப்புவதில் வீணாகும் எரிபொருளும் குறைவு. இரண்டுக்கும் இடையே உள்ள அகலம் படகு எளிதில் சாயாமல் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அலைமேல் ஏறி இறங்குவதிலிருந்து எந்தப் படகுக்கும் விலக்கில்லை.

1970களில் அமெரிக்காவில், மேலும் கீழும் ஆடும் அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து, எந்த வேகத்து ஆட்டம் அதிகம் குமட்ட வைக்கிறது என்று சோதித்தார்கள். மிக வேகமான குலுக்கல் மனிதரை அவ்வளவாகப் படுத்தவில்லை. மிக மெதுவான அசைவும் அப்படித்தான். 5, 6 விநாடிக்கு ஒருமுறை எழுந்து தாழ்கிற ஆட்டம்தான் மிக மோசம். நடுத்தரக் காற்றில் திறந்த கடலின் அலை தருவது பெரும்பாலும் இதே தாளத்தைத்தான்.

காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது. அறைக்குள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் 'சும்மாதான் இருக்கிறோம்' என்கிறது. இந்த முரண்பாட்டை மூளையால் தீர்க்க முடியாதபோது வயிறு கலங்குகிறது என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். அடிவானத்தைப் பார்த்தால் கண்ணும் காதும் ஒரே சேதியைச் சொல்லும், குமட்டல் தணியும். படகு ஏறி இறங்குவது முன்முனையில்தான் அதிகம், ஆகவே நடுவிலோ பின்புறமோ கீழ்த்தளத்தில் உட்காருவது நல்லது. மாத்திரை போடுவதென்றால் கரையிலேயே போட வேண்டும். கலங்கத் தொடங்கிய வயிறு மாத்திரையைச் சரியாக உள்ளே அனுப்பாது.

நடந்து போன காலம்

படகுக்கு அடியில் இருக்கும் கடற்படுகை ஒரு காலத்தில் தரை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்றைக்குக் கிளாட்ஸ்டோனிலிருந்து ஹெரான் இருக்கும் இடத்துக்கு நடந்தே போயிருக்கலாம். அங்கே நின்றது தீவல்ல, பழைய பவளத்தால் ஆன ஒரு சுண்ணாம்புக் குன்று.

பனி உருகிக் கடல் ஏறியபோது குன்றின் தலை மூழ்கியது. மூழ்கிய தலையின்மேல், சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன், புதுப் பவளம் வளரத் தொடங்கியது. பழைய பவளத்தின்மேல் புதியது, அதன்மேல் இன்னும் புதியது என்று இப்படிப் பலமுறை நடந்திருக்கிறது. 1937இல் தீவில் ஆழ்துளையிட்டுப் பார்த்தார்கள். துளை 220 மீட்டர் வரை இறங்கியது. மேலிருந்து ஏறத்தாழ 150 மீட்டருக்குப் பவளத்திட்டின் பொருள்கள். அதற்குக் கீழே நிலத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்த மணல். மேலே இருப்பது, கடல் ஏறும்போதெல்லாம் கூடவே ஏறி வந்த உயிர்களின் எலும்புக் குவியல்.

பயணத்தின் கடைசிப் பகுதியில் தண்ணீரின் நிறம் மாறும். துறைமுகத்தில் சேறு கலந்த பச்சை, நடுக்கடலில் கருநீலம், பவளத்திட்டை நெருங்கியதும் வெளிர்பச்சை கலந்த நீலம். தண்ணீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்கிவிடுகிறது. ஆழத்தில் மிஞ்சுவது நீலம் மட்டும். ஆழம் குறைந்த இடத்தில் வெள்ளை மணல் ஒளியைத் திருப்பி அனுப்புவதால், விழுங்கப்படாமல் தப்பிய பச்சையும் சேர்ந்து வருகிறது. படகோட்டிக்கு அந்த நிறம் அழகல்ல, எச்சரிக்கை: இதற்குமேல் ஆழம் இல்லை.

ஒரு கைப்பிடி மணல்

ஹெரான் தீவு, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பவளத்திட்டின் மேற்கு முனையில் உட்கார்ந்திருக்கிறது. இது தற்செயல் இல்லை. தென்கிழக்கிலிருந்து வரும் அலை திட்டின் விளிம்பில் உடைகிறது. ஆழம் குறையக் குறைய அலையின் வேகமும் குறைவதால், அது திட்டின் இரு பக்கமும் வளைந்து சுற்றி வருகிறது. இரண்டு பக்க அலைகளும் காற்று மறைவான மேற்கு முனையில் சந்திக்கும்போது அவற்றிடம் வலு மிச்சமில்லை. அதுவரை உருட்டிவந்த மணலை அங்கே போட்டுவிடுகின்றன. போட்டது குவிந்து, ஓதம் ஏறினாலும் மூழ்காத உயரத்துக்கு வந்ததே தீவு.

அந்த மணலை ஒரு கைப்பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். குழிகுழியாகத் தெரியும் வெள்ளைத் துண்டுகள் பவளத்தின் எலும்பு. தட்டையான செதில்கள் ஹாலிமீடா என்ற சுண்ணாம்புப் பாசியின் மிச்சம். இளஞ்சிவப்புப் பொடி வேறொரு பாசியுடையது. சிப்பித் துண்டு இருக்கும், கடல்முள்ளெலியின் முள் இருக்கும். நல்ல கண் இருந்தால், நட்சத்திரம் போல முள் நீட்டிய, கடுகைவிடச் சின்ன மணிகளும் தென்படும். அவை ஃபொராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிரிகள் கட்டிய ஓடுகள். இந்த மணலில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் நுரைக்கும். போதுமான அளவு அமிலம் ஊற்றினால் கிட்டத்தட்ட முழுவதுமே கரைந்து போகும். மெரினா மணலில் சிப்பித்தூள் மட்டுமே நுரைக்கும், மற்றதெல்லாம் மலைப்பாறையிலிருந்து வந்தது. ஹெரானின் மணலில் ஒவ்வொரு துகளும் ஏதோ ஓர் உயிர் செய்தது.

செய்ததைப் பொடியாக்கித் தருவதில் கிளிமீனுக்குப் பெரிய பங்கு உண்டு. பாறைமேல் படர்ந்த பாசியை மேய்வதற்காக அது சுண்ணாம்போடு சேர்த்துக் கொறிக்கிறது. தொண்டைக்குள் இருக்கும் இரண்டாவது பல்வரிசை அதை மாவாக அரைக்கிறது. சத்தை உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தை மணலாக வெளியேற்றுகிறது. பெரிய கிளிமீன் ஒன்றே ஆண்டுக்குப் பல நூறு கிலோ மணல் தரும். விடுதியின் கடற்கரையில் துண்டு விரித்துப் படுப்பவர்கள் ஓரளவுக்கு மீன் எச்சத்தின்மேல்தான் படுத்திருக்கிறார்கள்.

கரையில் விழுந்த உடைப்பு

இனி வழக்குக்கு வருவோம். ஹெரானின் பவளத்திட்டுக்கு விளிம்பு உயரம், உட்புறம் கொஞ்சம் தாழ்வு. ஓதம் இறங்கும்போது வெளிக்கடலின் மட்டம் விளிம்புக்குக் கீழே போய்விடும். உள்ளே இருக்கும் தண்ணீர் விளிம்பைத் தாண்டி வெளியேற முடியாமல் தேங்கி நிற்கும். அந்தத் தேக்கத்தை நம்பித்தான் உட்புறப் பவளங்கள் அந்த உயரம்வரை வளர்ந்திருக்கின்றன. தாழ் ஓதத்திலும் அவற்றின் தலை நனைந்தே இருக்கும்.

படகு தீவை அடைய இந்த விளிம்பு குறுக்கே நின்றது. 1940களில் தொடங்கி, 1960களில் இன்னும் ஆழமாக, திட்டை வெட்டிப் படகு வழியும் சிறு துறையும் அமைத்தார்கள். ஏரிக் கரையில் உடைப்பு விழுந்தால் என்ன ஆகுமோ அதுவே ஆனது. தேங்கி நிற்க வேண்டிய தண்ணீர் ஒவ்வொரு தாழ் ஓதத்திலும் வெட்டிய வழியாக வடிந்தது. திட்டின்மேல் நீர்மட்டம் இறங்கி, அதுவரை நனைந்திருந்த பவளங்கள் வெயிலில் காய்ந்தன. வடிகிற தண்ணீர் மணலையும் இழுத்துக்கொண்டு போனது. கொஞ்சம் துறைக்குள் படிந்து அதைத் தூர்த்தது. கொஞ்சம் திட்டுக்கு வெளியே ஆழத்தில் விழுந்து திரும்ப வராமல் போனது. மணலைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்து சேர்த்த இயற்கையின் ஏற்பாட்டில், மணல் வந்து சேரும் மேற்கு முனையிலேயே ஓட்டை விழுந்தது.

பிறகு வழியின் இரு புறமும் தடுப்புச் சுவர் கட்டி, தண்ணீர் வடிவதைக் குறைத்தார்கள். தூர்ந்த துறையைத் தோண்டி, எடுத்த மணலைக் கரைக்கே திருப்பிக் கொடுத்ததும் உண்டு. இன்றும் படகு உள்ளே நுழையும்போது பக்கத்தில் துருப்பிடித்த ஓர் இரும்புக் கூடு தெரியும். அது 'புரொடெக்டர்' என்ற போர்க்கப்பல். 1884இல் தென் ஆஸ்திரேலியக் குடியேற்ற அரசுக்காகக் கட்டப்பட்டது. 1943இல் மோதலில் சேதமடைந்து கைவிடப்பட்ட அதன் உடலை, பின்னர் அலைதடுப்பாகப் பயன்பட இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். கடற்படைக் கப்பல் ஒன்று மணல் காக்கும் வேலைக்கு வந்த கதை அது.

நம் கொல்லைக் கீரை கட்டிய காடு

இறங்கியதும் முதலில் தாக்குவது வாடை. பறவை எச்சத்தின் வாடை. தொப்பி போட்டுக்கொள்ளச் சொல்வது வெயிலுக்காக மட்டுமில்லை. கோடையில் பல்லாயிரம் கறுப்பு நாடிப் பறவைகள் இந்தத் தீவில் கூடு கட்டுகின்றன. இது ஆலா இனத்தைச் சேர்ந்த பறவை. இரவானால் வளைதோண்டி வாழும் ஷியர்வாட்டர் பறவைகள் குழந்தை அழுவது மாதிரி ஓலமிடும். புதிதாக வந்தவர்களுக்குத் தூக்கம் போகும்.

தீவின் விளிம்பில் சவுக்கும் தாழையும். உள்ளே போனால் முழுக்க முழுக்க ஒரே மரம்: பைசோனியா கிராண்டிஸ். தமிழ்நாட்டில் வீட்டோரமாகக் கிளை நட்டு வளர்க்கும், வாதத்துக்கு நல்லதென்று அடையிலும் பொரியலிலும் சேர்க்கும் லச்சகொட்டைக் கீரையும், யாழ்ப்பாணத்தில் சண்டி என்று சமைக்கும் இலையும் இதே இனம்தான். நம் வேலியில் ஆள் உயரத்தில் வெட்டி வெட்டி வைக்கிற செடி, ஹெரானில் தடித்த அடிமரத்தோடு வானத்தை மறைத்து நிற்கிறது. மரம் மென்மையானது. புயலில் கிளை முறிந்தால், முறிந்த துண்டு விழுந்த இடத்தில் வேர்விடும். நாம் கிளையை ஒடித்து நடுவதும் அந்தக் குணத்தை நம்பித்தான்.

சுண்ணாம்பு மணலில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கிட்டத்தட்டக் கிடையாது. அவற்றைக் கொண்டுவருபவை பறவைகள். கடலில் மீனைத் தின்று காட்டில் எச்சமிடுகின்றன. மரம் இலை தருகிறது. நாடி அந்த இலையையே எச்சத்தால் ஒட்டிக் கூடு கட்டுகிறது. ஆனால் இந்த நட்பில் ஒரு கொடுமையும் உண்டு. பைசோனியாவின் விதை பசை பூசிய சின்ன முள்தடி. கொத்தாக விழும்போது பறவையின் இறகில் ஒட்டிக்கொள்ளும். ஒன்றிரண்டு ஒட்டினால் பறவை வேறு தீவுக்குச் சுமந்து போகும். இறகெல்லாம் ஒட்டிக்கொண்டால் பறக்க முடியாமல் மரத்தடியிலேயே செத்துப்போகும். செத்த பறவை விதைக்கு உரமாகிறது, அதனால்தான் மரம் கொல்கிறது என்று ஒரு கருத்து இருந்தது. சீஷெல்ஸ் தீவுகளில் நடந்த ஆய்வு அப்படியொரு லாபம் இல்லை என்று காட்டியது. பறவைச் சடலத்தருகே விழுந்த விதை மற்றவற்றைவிட நன்றாக முளைக்கவில்லை. மரத்துக்குத் தேவை உயிரோடு பறக்கும் பறவை. அதற்காக அளவுக்கு மிஞ்சி ஒட்டியதன் விலையே அந்தச் சாவு.

எச்சத்தின் சத்து காட்டோடு நிற்பதில்லை. இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் எலி இல்லாத, பறவை நிறைந்த தீவுகளையும், எலி புகுந்து பறவை அழிந்த தீவுகளையும் ஒப்பிட்டு 2018இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பறவைத் தீவுகளில் நைட்ரஜன் சேர்க்கை 251 மடங்கு அதிகம். அவற்றை ஒட்டிய பவளத்திட்டில் மீன்களின் மொத்த எடை 48 சதவீதம் கூடுதல். கிளிமீனின் மேய்ச்சலும் அதிகம். ஆக, பறவை போடும் உரம் கடலுக்குள் இறங்கி மீனைக் கொழுக்க வைக்கிறது. மீன் மணல் செய்கிறது. மணல் தீவாகிறது. தீவு பறவைக்குக் கூடு தருகிறது.

படகில் வரும் மற்றவர்கள்

இப்படிச் சங்கிலியாகக் கோத்த ஏற்பாட்டில் ஒரு கண்ணியை அறுக்கப் பெரிய படை வேண்டாம். ஹெரானுக்கு அருகிலுள்ள டிரையான் தீவில் 1990களில் செதில்பூச்சி பெருகி, பைசோனியாக் காட்டின் பெரும்பகுதியை உறிஞ்சி அழித்தது. பூச்சிக்குப் பாதுகாவலாக நின்றது எறும்பு. பூச்சி சுரக்கும் இனிப்பைக் குடிப்பதற்காக, பெருந்தலை எறும்பு என்ற வெளிநாட்டு எறும்பு அதன் எதிரிகளை விரட்டிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட எறும்புகள் மனிதர் கொண்டுபோகும் சாமான், மண், செடித்தொட்டி வழியாகத்தான் உலகம் சுற்றுகின்றன. செருப்பில் ஒட்டிய மண்ணையும் பையில் இருக்கும் விதையையும் பற்றித் தீவுக்காரர்கள் கெடுபிடி காட்டுவதற்குக் காரணம் அது.

மனிதர் வந்து செய்ததற்கு இங்கே வரலாறும் உண்டு. 1843இல் எச்.எம்.எஸ். ஃபிளை என்ற கப்பலில் வந்தவர்கள், திட்டில் மீன் பிடித்துக்கொண்டிருந்த கொக்குகளைக் கண்டு, ஆங்கிலத்தில் கொக்கைக் குறிக்கும் 'ஹெரான்' என்ற சொல்லையே தீவுக்குப் பெயராக வைத்தார்கள். 1920களில் ஆமையைப் பிடித்து சூப் தயாரித்துத் தகரத்தில் அடைக்கும் ஆலை நடந்தது. அது நொடித்த பிறகு, கிறிஸ்டியன் பவுல்சன் என்பவர் 1932இல் அந்த இடத்தைச் சுற்றுலா விடுதியாக்கினார். ஆமையைக் கொன்ற இடம், ஆமையைப் பார்க்க வருகிற இடமாயிற்று.

நம் மீனவர்கள் பேராமை என்று சொல்லும் பச்சை ஆமைதான் இங்கே அதிகமாக முட்டையிடுகிறது. நவம்பர் முதல் மார்ச் வரை இரவில் கரையேறும். முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 29 பாகை செல்சியஸ் நடுக்கோடு. அதற்குக் குளிர்ந்தால் ஆண், சூடேறினால் பெண். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கிரேட் பேரியர் ரீஃப் என்ற பெரும் பவளத்திட்டுத் தொடரின் சூடான வடபகுதிக் கடற்கரைகளில் பிறந்த இளம் ஆமைகளில் 99 சதவீதம் பெண் என்று கண்டது. ஹெரானை உள்ளடக்கிய தென்பகுதியில் அது 65 முதல் 69 சதவீதம். இன்னும் நிலைமை கைமீறவில்லை. ஆனால் கடல் சூடேறிப் பவளம் வெளிறுவதில் தென்பகுதிக்கு இருந்த சலுகை போய்விட்டது. 2016, 2017 வெளிறல்களில் பெரிதும் தப்பிய தெற்கு, 2020இலும் 2024இலும் அடி வாங்கியது.

வரவு செலவு

கடல்மட்டம் உயர்ந்தால் இந்த மாதிரித் தீவுகள் மூழ்கிவிடும் என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். துவாலு நாட்டின் 101 தீவுகளை 1971 முதல் 2014 வரை வான்படங்களில் அளந்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். கடல்மட்டம் ஏறிக்கொண்டிருந்த அதே காலத்தில், மொத்த நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருந்தது. சில தீவுகள் தேய்ந்தன, பல வளர்ந்தன, சில இடம் நகர்ந்தன. சுற்றியிருக்கும் திட்டு உயிரோடு இருந்து, அலை மணலைக் கொண்டுவந்து மேலே எறியும்வரை, தீவும் கடலோடு சேர்ந்து ஏற முடியும். இது நிம்மதிப் பெருமூச்சு விடுவதற்கான சேதி இல்லை. பவளம் செத்தால் மணல் வரத்து நாளடைவில் வற்றும். வீட்டைக் காக்க வேண்டுமென்று கரையில் சுவர் எழுப்பினால், ஏறுவதற்கும் நகர்வதற்கும் தீவுக்கு இருக்கும் வழி அடைபடும்.

இதன் மறுபக்கத்தை மன்னார் வளைகுடாவில் பார்த்திருக்கிறோம். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்கும் வேலியும் போனது, மணல் தரும் ஊற்றும் போனது. சுருங்கிக்கொண்டே வந்த வான் தீவைக் காக்கக் கடலடியில் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியதாயிற்று.

ஹெரானுக்குப் படகே வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. துறையால் திட்டுக்கு என்ன ஆனது என்று அளந்து சொன்ன ஆய்வாளர்களும் அங்கே போனது கடல் வழியாகத்தான். சொல்ல வருவது இவ்வளவே: ஒரு பவளத் தீவின் ஆரோக்கியம் அதன் உயரத்தில் இல்லை. ஆண்டுக்கு எவ்வளவு மணல் வந்தது, எவ்வளவு போனது என்ற கணக்கில் இருக்கிறது. பவளமும் பாசியும் கிளிமீனும் பறவையும் வரவுப் பக்கம். புயலும் வெப்பமும் செலவுப் பக்கம். படகுத்துறை நாமே எழுதிக்கொண்ட செலவு. புதிதாக ஒரு தீவில் துறை கட்டத் திட்டமிடுகிறவர்கள், எத்தனை பயணிகள் வருவார்கள் என்று பார்ப்பதற்கு முன்னால், எந்தப் பக்கத்திலிருந்து மணல் வருகிறது என்று பார்க்க வேண்டும். ஹெரானில் அந்தக் கேள்வி வெட்டிய பிறகே எழுந்தது.